60 பேர் உள்ளே போனால், வெளியே வருவது எத்தனை பேர்?

பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தின் எதிரே, ஒரு மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவரை முழுசாக மறைத்து ஒரு ஃபிளெக்ஸ். உச்சியில் கல்லூரியின் பெயர். கீழே நாலு வரிசையாக மாணவர்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அடியில் ஒரு கம்பெனியின் சின்னம், பக்கத்தில் சம்பளம்.

நானும் அக்கா மகளும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். ப்ளஸ் டூ முடித்து, 200-க்கு 164 கட்-ஆஃப் வைத்திருப்பவள். அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ரெண்டாவது வரிசையில கண்ணாடி போட்ட அக்கா இருக்காங்கல்ல... மூணாவது வரிசையிலயும் அவங்கதான். கடைசி வரிசையிலயும் அவங்கதான்."

எண்ணிப் பார்த்தேன். கட்டங்கள் 32. ஆட்கள் 19.

யாரும் பொய் சொல்லிவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று கம்பெனிகளில் வேலை கிடைத்திருக்கும். மூன்று ஆஃபர் என்றால் மூன்று கட்டம். ஆனால், பஸ்ஸில் இருந்தபடி பார்க்கிற அப்பா, அம்மாவின் கண்ணில் அது மூன்று பிள்ளைகளாகத்தான் விழும்.

இந்தப் பருவம் தமிழ்நாட்டில் வருஷா வருஷம் வருவது. ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே அக்காவின் செல்போனுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. "உங்க பொண்ணு மேத்ஸ் குரூப்தானே மேடம்? கவுன்சலிங் வரைக்கும் காத்திருக்காதீங்க, பத்தாயிரம் கட்டினா சீட்டை பிளாக் பண்ணிடலாம்" என்கிறது ஒரு குரல். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள். ரேங்க் பட்டியலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். நடுவில் ஏஜென்டுகள், கன்சல்டன்சிகள், யூடியூப் ஆலோசகர்கள். இத்தனை சத்தத்தில் ஒரு கல்லூரியை எப்படி எடைபோடுவது?

கேள்விகள் நூறு இருக்கலாம். சுற்றிச் சுற்றி அவை ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. நான் சேரப்போகும் துறையில் நாலு வருஷத்துக்கு முன் 60 பேர் சேர்ந்தார்கள். அந்த 60 பேரும் இப்போது எங்கே?

ஃபிளெக்ஸ் சொல்லாத கணக்கு

பொறியியல் கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு 60 பேர் என்பதுதான் அடிப்படை அளவு. அதை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தக் கல்லூரியின் கணக்கும் இல்லை, விளங்கிக்கொள்வதற்கான கணக்கு.

60 பேர் சேர்கிறார்கள். முதல் வருஷக் கணிதத்தில் விழுகிற அடியில் சிலருக்கு அரியர் தொடங்குகிறது. ஓரிருவர் படிப்பையே விட்டுப் போகிறார்கள். கடைசி வருஷம் வரும்போது அரியர் இல்லாதவர்கள் 40 பேர். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் பல, பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவிகிதம் வேண்டும், நிலுவையில் அரியர் கூடாது என்று வடிகட்டும். அதைத் தாண்டி இன்டர்வியூவில் உட்காரத் தகுதி பெறுபவர்கள் 30 பேர். அவர்களில் 24 பேருக்கு வேலை கிடைக்கிறது. சிலருக்கு இரண்டு, மூன்று ஆஃபர்கள் வருவதால் மொத்த ஆஃபர் 36.

இப்போது விளம்பரத்தில் என்ன போடலாம்? "36 ஆஃபர்கள்" என்று போடலாம். "தகுதியானவர்களில் 80 சதவிகிதம் பேருக்கு வேலை" என்றும் போடலாம். இரண்டுமே உண்மை. ஆனால், முதல் நாள் உள்ளே போன 60 பேரை வைத்துப் பார்த்தால் வேலையோடு வெளியே வந்தவர்கள் 40 சதவிகிதம்தான். தகுதி பெறாத 30 பேர் எந்த ஃபிளெக்ஸிலும் வருவதில்லை. உங்கள் பிள்ளை சேர்கிற அன்று அந்த 30-லா, இந்த 30-லா என்பது யாருக்கும் தெரியாது.

சம்பளத்திலும் இதே வித்தைதான். "அதிகபட்ச பேக்கேஜ் 12 லட்சம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கியவர் ஒருவர். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசைப்படி நிற்கவைத்து, சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்க வேண்டும். மீடியன் என்பது அதுதான். ஒருவருக்கு 12 லட்சமும் மற்ற எல்லோருக்கும் இரண்டரை, மூன்று லட்சமும் என்றால், நடுவில் நிற்பவர் மூன்று லட்சத்தைத் தாண்ட மாட்டார். பெரும்பாலான பிள்ளைகள் போய் நிற்கப்போவது அந்த நடு இடத்துக்குப் பக்கத்தில்தான்.

இன்னும் ஒன்று கேளுங்கள். வேலை என்பது எந்த வேலை? மெக்கானிக்கல் படித்தவர் கால்சென்டருக்குப் போனாலும் பிளேஸ்மென்ட் கணக்கில் ஒன்று கூடிவிடும். ஆஃபர் லெட்டர் வந்தது வேறு, வேலைக்குக் கூப்பிட்டது வேறு. ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களும் உண்டு. சில கம்பெனிகள் இரண்டு வருஷ பாண்டு எழுதி வாங்கும். சில, 'டிரெயினிங் கட்டணம்' என்று பிள்ளையிடமே பணம் கேட்கும்.

பதில் எங்கே ஒளிந்திருக்கிறது?

இதையெல்லாம் கல்லூரியிடம் கேட்டால் சொல்லுமா? சொல்லாமல் போகலாம். ஆனால், பாதிப் பதில் ஏற்கெனவே பொதுவெளியில் கிடக்கிறது.

முதலாவது, அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்ச்சி என்று கல்லூரிவாரியாக இருக்கும். பாதிக்கும் கீழே நிற்கிற கல்லூரிகள் அதில் ஏராளம். ஒற்றை இலக்கத்தில் நின்ற கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் வந்ததுண்டு. ஒரு செமஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மூன்று, நாலு செமஸ்டர்களை எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே எழுதியவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். நூறு பேர் எழுதி 60 சதவிகிதம் என்பதும், ஆயிரம் பேர் எழுதி 60 சதவிகிதம் என்பதும் ஒன்றில்லை.

இரண்டாவது, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை. 2016-லிருந்து பட்டியல் வருகிறது. முதல் நூறு இடத்துக்குள் வராத ஊர்க் கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பங்கெடுக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரத் தாளைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். அதில் ஒரு அட்டவணை உண்டு. முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குப் போனவர்கள், மேற்படிப்புக்குப் போனவர்கள், வேலைக்குப் போனவர்களின் மீடியன் சம்பளம் என்று வரிசையாக இருக்கும். நம்முடைய 60 பேர் கேள்விக்கு, துறைவாரியாக இல்லாவிட்டாலும் மொத்தக் கல்லூரிக்கும், அச்சடித்த விடை இது. கல்லூரி தானே கொடுத்த கணக்குதான். ஆனால் அரசாங்கத்திடம் கொடுத்த கணக்கையும் ஃபிளெக்ஸில் போட்ட கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு பரீட்சை.

மூன்றாவது, கடந்த ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரம். எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எந்தச் சமூகப் பிரிவுக்கு, எந்த மதிப்பெண்ணில் இடம் முடிந்தது என்பது பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே கிடைக்கும். அது கல்லூரி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதைக் காட்டாது; ஊர் எப்படி எடைபோட்டிருக்கிறது என்பதைக் காட்டும். மூன்று வருஷமாக ஒரு துறையின் கட்-ஆஃப் சரிந்துகொண்டே வந்தால், உள்ளே படிக்கிற பிள்ளைகள் தங்கள் தம்பி தங்கைகளிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பன்னிரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்களா?

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 60 பேர் சேரும் துறையில் நாலு வருஷத்துக்கு 240 பேர். அப்படியென்றால் அந்தத் துறைக்கு 12 ஆசிரியர்கள். மூன்று செக்‌ஷன் நடத்துகிற துறை என்றால் 36 பேர். கல்லூரி தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டிய கட்டாயத் தகவல் அறிக்கையில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

எண்ணினால் மட்டும் போதுமா? போதாது என்பதை 2024 ஜூலையில் தமிழ்நாடு பார்த்தது. ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்ட 353 பேரின் விவரங்களை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது. சம்பந்தப்பட்ட கல்லூரிகள் 224. ஒரே நபர் 11 கல்லூரிகளில் ஆசிரியர். இணைப்பு அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வரும் நாளில் எண்ணிக்கை காட்ட இப்படிப் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அடுத்து அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியது.

இணையதளத்தில் இருக்கிற ஆசிரியர் வகுப்பில் இருக்கிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அந்தத் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், பட்டியலில் உள்ள பேராசிரியர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, "இவர் என்ன பாடம் எடுப்பார் தம்பி?" என்று கேளுங்கள். நாலு பெயருக்கு "அப்படி யாரும் இல்லையே அண்ணா" என்று வந்தால், அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடலாம்.

ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். செமஸ்டருக்குச் செமஸ்டர் ஆசிரியர் மாறுகிற துறையில் பாதிப் பாடத்தை ஒருவரும் மீதியை இன்னொருவரும் நடத்துவார்கள். பல தனியார் கல்லூரிகளில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போவது ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த ரகசியம். சம்பளம் ஒழுங்காக வருகிற கல்லூரியில் ஆசிரியர் நிலைத்திருப்பார். ஆசிரியர் நிலைத்திருக்கிற துறையில் அரியர் குறையும். 60 பேரின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முத்திரைகளைப் படிப்பது எப்படி?

கல்லூரியின் முகப்பு வளைவில் நாக், என்.பி.ஏ., தன்னாட்சி என்று வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் சொல்வது ஒவ்வொன்று.

நாக், மொத்தக் கல்லூரிக்குமான மதிப்பீடு. என்.பி.ஏ. துறைவாரியானது. நுழைவாயிலில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், எந்தத் துறைக்கு, எந்த ஆண்டு வரை என்று கேட்டே ஆக வேண்டும். சிவிலுக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி, டேட்டா சயின்ஸுக்கு ஆள் பிடிப்பது நடக்கிற கதைதான். இரண்டு பேட்சாவது பட்டம் முடித்து வெளியே வந்த படிப்புக்குத்தான் என்.பி.ஏ. அங்கீகாரம் கிடைக்கும். எனவே புதிதாகத் தொடங்கிய துறைக்கு அது இருக்க வழியே இல்லை. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் என்.பி.ஏ. 2014-ல் நிரந்தர உறுப்பினரானது. அந்த உடன்படிக்கைக்குள் வரும் டயர்-1 அங்கீகாரம் என்றால், வெளிநாட்டில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைப்பவர்களுக்கு அந்த வகையிலும் இந்த முத்திரை பயன்படும்.

நாக் முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 பிப்ரவரியில், ஆந்திராவைச் சேர்ந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக மதிப்பீடு கொடுக்க லஞ்சம் வாங்கியதாக, நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே சி.பி.ஐ. கைதுசெய்தது.

தன்னாட்சி பெற்ற கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும், தேர்வையும் தானே நடத்தும், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்திடமிருந்து வரும். நல்ல கல்லூரியின் கையில் இது வரம். புதிய பாடங்களை உடனுக்குடன் கொண்டுவர முடியும். ஆனால் வினாத்தாளும் திருத்தலும் கல்லூரியின் கையில் இருப்பதால், அதன் 90 சதவிகிதத் தேர்ச்சியை, பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரியின் 60 சதவிகிதத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி உலகம். அவை இந்தக் கவுன்சலிங்குக்குள் வருவதில்லை; மாநிலக் குழு நிர்ணயிக்கும் கட்டணமும் அவற்றைக் கட்டுப்படுத்தாது.

எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம்

ஒரு துறையில் இத்தனை இடங்களுக்கு மேல் கூடாது என்றிருந்த உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. 2024-ல் எடுத்துவிட்டது. அதன் பிறகு பல கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் இடங்கள் சுருங்கி, கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் பங்காளிகளான ஐ.டி., ஏ.ஐ., டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டியும் பெருகின. செக்‌ஷன் பெருகிய வேகத்தில் அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர்கள் பெருகினார்களா?

புதிய துறையில் சேரும் முன் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தத் துறையில் படித்தவர்களா, நேற்று வரை வேறு துறையில் இருந்துவிட்டு இங்கே மாற்றிவிடப்பட்டவர்களா? இதுவரை எத்தனை பேட்ச் முடித்து வெளியே போயிருக்கிறது? ஒரு பேட்ச்கூட வெளியே வராத துறையில் 60 பேர் எங்கே என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. பெயருக்காக அங்கே சேராமல், அதே கல்லூரியில் இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் இ.சி.இ.யிலோ ட்ரிபிள் இ-யிலோ சேர்ந்து, கோடிங்கைத் தனியாகக் கற்றுக்கொண்டு மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் ஏராளம்.

மாவட்டக் கல்லூரியைக் குறைத்து எடைபோடவும் வேண்டாம். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது, முதல் அலையில் எழுந்தவற்றில் முக்கியமான சில பெருநகருக்கு வெளியேதான் வந்தன. பெருந்துறையில் கொங்கு, சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கோவில்பட்டியில் நேஷனல் என மூன்றுமே 1984-ல் பிறந்தவை. தீப்பெட்டி ஊரிலும் அச்சக ஊரிலும் அந்தந்த ஊர்த் தொழில் குடும்பங்களின் முதலீட்டில் எழுந்த கல்லூரிகள் நாற்பது ஆண்டுகளாகப் பெயர் காத்துவருகின்றன. சென்னைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து கல்லூரியின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. வீட்டிலிருந்து போய் வருகிற பிள்ளைக்கு ஹாஸ்டல் செலவு மிச்சம். ஆனால், காலையில் ஆறரைக்கு ஏறி மாலை ஆறரைக்கு இறங்குகிற காலேஜ் பஸ் பயணம் என்றால், லேபில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார முடியாது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பணக் கணக்கு

2017-ல் மாநிலக் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, கவுன்சலிங் வழியாகச் சேரும் மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் முறையே 85,000, 87,000. ஆய்வகம், நூலகம், விளையாட்டுக் கட்டணங்கள் எல்லாம் இதற்குள் அடக்கம். பஸ்ஸும் ஹாஸ்டலும் தனி. இவற்றுக்கு மேல் பிளேஸ்மென்ட் டிரெயினிங், யூனிஃபார்ம் என்று தனித்தனி ரசீது போடும் கல்லூரிகள் இருக்கின்றன. எனவே கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்; போன வருஷம் இரண்டாம் ஆண்டு மாணவர் மொத்தமாகக் கட்டியது எவ்வளவு என்று கேளுங்கள். ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் நன்கொடை கேட்டால், 1992-லேயே தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரிகளில் 65 சதவிகித இடங்களும், சிறுபான்மைக் கல்லூரிகளில் 50 சதவிகித இடங்களும் கவுன்சலிங்குக்கு வருகின்றன. அந்த வழியாகச் சேர்ந்தால்தான் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான 25,000 ரூபாய்ச் சலுகை கிடைக்கும். 55,000 ரூபாயில் அது கழிந்தால் கட்ட வேண்டியது 30,000. ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் 2021-லிருந்து அரசே ஏற்கிறது. அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் பத்தாயிரம் கட்டி 'பிளாக்' செய்கிற குடும்பம், இந்த உரிமைகளைத் தன் கையாலேயே தள்ளிவிடுகிறது. நாலு வருஷத்துக்கு 2,20,000 ரூபாயில் முடிய வேண்டியது 3,48,000 ஆகிறது.

கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொந்தப் பங்கு போடாமலும், ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமலும் வங்கிகளில் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் மேனேஜர்கள் தயங்குவதும் உண்டு. சேர்ந்த பிறகு அலையாமல், சேரும் முன்பே கிளையில் கேட்டுவிடுவது நல்லது.

நேரில் போகும் நாள்

கல்லூரி அழைக்கிற 'ஓப்பன் டே' அன்று போகாதீர்கள். வகுப்பு நடக்கிற சாதாரண வேலை நாளில் போங்கள். ஏசி போட்ட அட்மிஷன் அறையில் காபி குடித்துவிட்டு, துறைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், வீடியோ இருக்கு" என்றால் எழுந்துவிடலாம்.

லேபுக்குள் போனால் கருவிகளை எண்ணாதீர்கள். அவற்றின் மேல் தூசியைப் பாருங்கள். லேத் இயந்திரத்தில் புதுச் சுருள் கிடந்தால் நேற்றும் ஓடியிருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுத்தவர்களின் பதிவைக் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். அதைப் பராமரிக்க முடியாத கல்லூரி வேறு எதைப் பராமரிக்கும்? கடைசியாக, வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் கால் மணி நேரம் உட்காருங்கள். கல்லூரியைப் பற்றி அங்கே பேசுகிறவர்களுக்கு அட்மிஷன் டார்கெட் எதுவும் கிடையாது.

நாங்கள் மூன்று கல்லூரிகளுக்குப் போனோம். முதல் கல்லூரியில் வரவேற்பறையே ஹோட்டல் மாதிரி. 60 பேர் கேள்வியைக் கேட்டதும், "ஹண்ட்ரட் பர்சன்ட் பிளேஸ்மென்ட் அசிஸ்டென்ஸ் சார்" என்றார் அட்மிஷன் அலுவலர். அசிஸ்டென்ஸ் என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அத்தான் ரொம்ப நேரம் அந்தத் தரையின் மார்பிளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கல்லூரியில் துறைக்கே விடவில்லை.

மூன்றாவது, ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த பழைய கல்லூரி. பெயிண்ட் உதிர்ந்த கட்டடம். இ.சி.இ. துறைத் தலைவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அம்மா. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தார்.

"போன வருஷம் முடிச்ச பேட்ச்ல சேர்ந்தது 54 பேருப்பா. அறுபதும் நிரம்பலை. நாலு வருஷத்துல முடிச்சது 41. வேலைக்குப் போனது 27. மூணு பேரு எம்.இ. சேர்ந்தாங்க. மீதி பேரு என்ன பண்றாங்கன்னு எங்கிட்ட கணக்கு இல்லை." அக்கா மகளைப் பார்த்தார். "முதல் வருஷம் கணக்குலதான் எங்க பிள்ளைங்க நிறைய பேரு விழுறாங்க. நீ கணக்கு எப்படி பாப்பா?"

அன்று காலையிலிருந்து அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

கவுன்சலிங்கில் செய்ய வேண்டியவை

ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் 1997-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2018-ல் ஆன்லைனுக்கு வந்தது. 2019-லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கட்-ஆஃப்.

* சாய்ஸ் ஃபில்லிங்குக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பத்தோடு நிறுத்தாதீர்கள். உங்கள் கட்-ஆஃபுக்கு மேலே உள்ளவை, சமமாக உள்ளவை, கீழே உள்ளவை என மூன்றையும் கலந்து கொடுங்கள்.

* கிடைக்குமா என்று யோசித்து வரிசைப்படுத்தாதீர்கள். வேண்டும் என்ற வரிசையில் போடுங்கள். கணினி மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும்.

* சேர மனமில்லாத கல்லூரியைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். அதுவே கிடைத்துவிடலாம்.

* ஒரே பெயர்ச் சாயலில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரை நம்பாமல் கவுன்சலிங் கோடு எண்ணைச் சரிபாருங்கள்.

* தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் செய்யலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதை நிதானமாகப் படித்துவிட்டு உறுதிசெய்யுங்கள். கெடு தேதி போனால் இடமும் போகும்.

* பயனர் பெயர், பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதையும் ஏஜென்டிடமோ கல்லூரி ஆட்களிடமோ கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள்.

* அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ள ஏ.ஐ.சி.டி.இ. விதி அனுமதிப்பதில்லை. சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

அக்கா வீட்டில்

அன்று இரவு அக்கா வீட்டுத் திண்ணையில் அவள் பழைய நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கோடு எண், கல்லூரி, துறை, போன வருஷக் கட்-ஆஃப், தேர்ச்சி விகிதம், பஸ் நேரம். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: '60-க்கு எத்தனை?' மொத்தம் 46 வரிகள். தன் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் எட்டாத அரசுக் கல்லூரி ஒன்றை முதலில் வைத்திருந்தாள். பெயிண்ட் உதிர்ந்த கல்லூரியின் இ.சி.இ. ஐந்தாவது. மார்பிள் கல்லூரி பட்டியலிலேயே இல்லை.

அத்தானுக்கு மனசு ஆறவில்லை. "அந்தக் காலேஜ்ல ஏசி கிளாஸ்ரூம் எல்லாம் இருந்துச்சேம்மா" என்றார்.

"அவங்க நம்பரே சொல்லலப்பா" என்றாள் நிமிராமல்.

ரேங்க் பட்டியல் இன்னும் வரவில்லை. நோட்டில் கடைசிக் கட்டம் பல வரிகளில் காலியாக இருக்கிறது. நாளைக்கு எட்டு கல்லூரிகளுக்குப் போன் செய்ய வேண்டும் என்று எண்களைக் குறித்துவைத்திருக்கிறாள். அவளே பேசப்போகிறாளாம்.